சூளையும் தொழிற்சாலைதான்: ஒரு செங்கல்லின் கடன் வரலாறு

ஒரு வீட்டைத் தாங்கி நிற்கும் பொருட்களை வரிசையாக எழுதிப் பாருங்கள். கம்பி, சிமெண்ட், ஜல்லி, செங்கல். கம்பியும் சிமெண்டும் தொழிற்சாலையிலிருந்து வருகின்றன. அங்கே வேலைக்குப் போகிறவருக்கு அடையாள அட்டை, ஷிப்ட் நேரம், தலைக்கவசம், வருங்கால வைப்பு நிதி என்று ஏதோ ஒன்று காகிதத்திலாவது இருக்கும். செங்கல் மட்டும் 'சூளையிலிருந்து' வருகிறது. அங்கே கணவன், மனைவி, பிள்ளைகள் என்று குடும்பமே உழைக்கும். கணக்கு நோட்டில் இருப்பது ஒரே ஒரு பெயர். வேலைக்குக் கூலி என்பதைவிட, வாங்கிய முன்பணத்தில் இவ்வளவு கழிந்தது என்பதே அங்குள்ள பேச்சு.

ஏன் இந்த வித்தியாசம் என்று கேட்டால் கிடைக்கும் பதில்கள் நமக்குப் பழகியவை. "சின்னத் தொழில்", "ஆறு மாத வேலை", "காலங்காலமா இப்படித்தான்". சமூகவியல் வகுப்பிலும் 'அமைப்புசாராத் துறை' என்ற சொல்லுக்குள் இதை அடைத்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுகிறோம். ஆனால் தோழர்களே, சூளை மிகக் கவனமாக அமைக்கப்பட்ட துறை. அதை அமைத்த தொழில்நுட்பத்துக்கும் சட்டத்துக்கும் தேதி இருக்கிறது. அந்தத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் ஓர் உண்மை தெரியும்: கரியை மிச்சப்படுத்தப் பலமுறை வடிவம் மாறிய சூளை, தொழிலாளியின் உடலை மிச்சப்படுத்த ஒருமுறைகூட மாறவில்லை.

1858, 1859: அணையாத நெருப்பும் விலக முடியாத ஆளும்

பழைய காளவாயை நம் ஊர்களில் இன்றும் பார்க்கலாம். மதுரையில் ஒரு பகுதிக்கே காளவாசல் என்று பெயர். பச்சைக்கல்லை அடுக்கி, இடையில் விறகு வைத்து, வெளியே மண் பூசித் தீ மூட்டுவார்கள். வெந்து ஆறிய பிறகு பிரித்து எடுப்பார்கள். ஒவ்வொரு முறையும் அவ்வளவு சூடும் காற்றோடு போய்விடும்.

1858ல் ஜெர்மனியின் ஃப்ரீட்ரிஷ் ஹாஃப்மன் புதுவகைச் சூளை ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அதில் நெருப்பு ஓரிடத்தில் நிற்காமல் அறை அறையாகச் சுற்றி வரும். வெந்த கல்லில் இருக்கும் சூடு உள்ளே வரும் காற்றைச் சூடாக்கும். வெளியேறும் புகையின் சூடு, அடுத்து வேக வேண்டிய பச்சைக்கல்லைத் தயார்படுத்தும். எரிபொருள் பெருமளவு மிச்சமானது. 'சேம்பர் செங்கல்' என்று நாம் கேட்டு வாங்குகிறோமே, அதன் மூதாதை இதுதான்.

இந்தச் சூளைக்கு ஒரு குணம் உண்டு. நெருப்பு அணையக் கூடாது. அணையாத நெருப்புக்கு ஒவ்வொரு நாளும் பச்சைக்கல் வேண்டும். அதாவது, கல் அறுக்கிற ஆள் நடுவில் விட்டுப் போகக் கூடாது. நல்ல கூலி, ஒழுங்கான நேரம், இயந்திரம் ஆகியவற்றைக் கொண்டு ஆளை நிறுத்தி வைக்கலாம். அல்லது போகவே முடியாதபடி கட்டி வைக்கலாம்.

அதற்கு அடுத்த ஆண்டே, 1859ல், பிரிட்டிஷ் இந்திய அரசு 13ஆம் சட்டத்தை இயற்றியது. முன்பணம் வாங்கிய கைவினைஞரோ கூலியாளோ ஒப்பந்தப்படி வேலை செய்யாவிட்டால், முதலாளி நீதிபதியிடம் புகார் செய்யலாம். வேலையை முடி, அல்லது பணத்தைத் திருப்பிக் கொடு என்று நீதிபதி ஆணையிடுவார். மீறினால் மூன்று மாதம் வரை கடுங்காவல். கல்கத்தா, சென்னை, பம்பாய் நகரங்களுக்காகப் பிறந்த இந்தச் சட்டத்தைப் பிற பகுதிகளுக்கும் விரிக்க வழி வைத்திருந்தார்கள். தோட்டத் தொழிலாளர்மீது அது பரவலாகப் பாய்ந்தது. முதலாளி பேச்சு மீறினால் அவருக்குச் சிறை கிடையாது. 1925ல்தான் இதை ரத்து செய்யும் சட்டம் வந்தது.

ஹாஃப்மனுக்கும் இந்தச் சட்டத்துக்கும் நேரடித் தொடர்பு எதுவும் இல்லை. ஆனால் கடனை மீறுவது குற்றம், கடனால் கட்டிப்போடுவது குற்றமில்லை என்ற எண்ணத்தை 66 ஆண்டுகள் அரசே காத்து வளர்த்தது. சட்டம் போன பிறகும் அந்த எண்ணம் மேஸ்திரியின் நாக்கில் உயிரோடு இருக்கிறது: "அட்வான்ஸ் வாங்கிட்டு எங்க போற?"

1871, 1876: லண்டனுக்கு ஒன்று, நமக்கு ஒன்று

இங்கிலாந்தின் செங்கல் களங்களும் ஒரு காலத்தில் குழந்தைகளின் முதுகில்தான் நின்றன. ஈரமண்ணைத் தலையில் சுமந்து அறுப்பவரிடம் கொண்டுபோவது சிறுவர் சிறுமியர் வேலை. சிறுவயதில் தானே அப்படிச் சுமந்த ஜார்ஜ் ஸ்மித் என்பவர் தொடர்ந்து எழுதியும் பேசியும் போராடினார். 1871ல் இங்கிலாந்தின் தொழிற்சாலைச் சட்டம் செங்கல் களங்களுக்கு விரிவாக்கப்பட்டது. 16 வயதுக்குட்பட்ட பெண் பிள்ளைகளும் 10 வயதுக்குட்பட்ட சிறுவர்களும் அங்கே வேலை செய்யத் தடை வந்தது. செங்கல் களமும் தொழிற்சாலைதான் என்று அந்த நாட்டுச் சட்டம் ஒப்புக்கொண்டது.

ஐந்தே ஆண்டுகளில், 1876ல், டபிள்யூ. புல் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஹாஃப்மன் சூளையை மலிவாக்கி ஒரு வடிவம் தந்தார். ஹாஃப்மன் சூளைக்கு நிரந்தரமான வளைவுக் கூரை வேண்டும். புல் அதை எடுத்துவிட்டார். தரையில் நீண்ட பள்ளம். அதில் கல் அடுக்கு. மேலே சாம்பலும் செங்கல் தூளும் மூடாக்கு. அங்கங்கே நகர்த்தி வைக்க இரும்புப் புகைபோக்கி. இந்தியத் துணைக்கண்டம் முழுவதும் பரவியது இந்த 'புல் பள்ளச் சூளை'தான்.

கூரையை எடுத்ததால் முதலீடு குறைந்தது. ஆனால் கரி போடுகிறவர் எங்கே நிற்கிறார்? எரிந்துகொண்டிருக்கும் அடுக்கின் மேலேயே நடக்கிறார். அவர் காலுக்கும் நெருப்புக்கும் நடுவே இருப்பது அந்தச் சாம்பல் மூடாக்கு மட்டும். கூரையோடு போன பாதுகாப்பை யாரும் கணக்கில் எழுதவில்லை. புல்லின் வடிவமைப்பு இங்கே வந்தது. 1871ன் சட்டம் கூட வரவில்லை.

1865: அதே மண், வேறு கதை

"இந்திய நிலைமையில் இப்படித்தான் முடியும்" என்பவர்களுக்கு மங்களூர் ஒரு பதில். 1865ல் நேத்ராவதி ஆற்றங்கரையில் பாசல் மிஷனைச் சேர்ந்த ஜார்ஜ் பிளெப்ஸ்ட் ஓட்டுத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். மதம் மாறியதால் நிலத்தையும் பிழைப்பையும் இழந்தவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டியிருந்தது. துளு நாட்டில் பில்லவர், மலபாரில் தீயர் என்று சாதியின் பெயரால் தாழ்த்தப்பட்டவர்கள் அவர்களில் நிறையப் பேர். கோழிக்கோடு, ஃபரோக் என்று தொழிற்சாலைகள் விரிந்தன. நம் பாட்டன் வீட்டுக் கூரையில் இருக்கும் 'மங்களூர் ஓடு' இந்த மரபில் வந்தது.

அந்தத் தொழிற்சாலை சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. மிஷனே முதலாளி, மிஷனே போதகர் என்பதில் வேறு வகைக் கட்டுப்பாடு இருந்தது. ஆனால் அங்கே கட்டடம் இருந்தது, மண் பிசையவும் அழுத்தவும் இயந்திரம் இருந்தது, வேலைநேரமும் கூலியும் இருந்தன.

ஓடும் செங்கல்லும் களிமண்தான். இரண்டும் வேகிற நெருப்பும் ஒன்றுதான். பிறகு ஏன் ஒன்று தொழிற்சாலைக்குப் போனது, மற்றது களத்திலேயே நின்றது? ஒரு காரணம் பொருளின் இயல்பு. ஒன்றோடொன்று கொக்கி போல மாட்டிக்கொள்ளும் ஓடு துளி கோணினாலும் கூரை ஒழுகும். அதை அச்சு இயந்திரத்தில் அழுத்தியே ஆக வேண்டும். செங்கல் கோணினால் கொத்தனார் சாந்து வைத்துச் சரிக்கட்டிவிடுவார். இன்னொரு காரணத்தைப் பாடநூல்கள் சொல்வதில்லை. முன்பணத்தில் கட்டுண்ட ஒரு குடும்பம் இயந்திரத்தைவிட மலிவாகக் கிடைக்கும் நாட்டில் எந்த முதலாளி இயந்திரம் வாங்குவார்? சூளையின் உண்மையான இயந்திரம் முன்பணம்தான்.

முன்பணத்துக்குக் கைநீட்ட வைத்தது யார்?

1843ஆம் ஆண்டின் 5ஆம் சட்டம், அடிமை உடைமையை நீதிமன்றங்கள் இனி ஏற்காது என்றது. ஆனால் விடுபட்டவருக்கு ஒரு குழி நிலமும் தரவில்லை. நேற்றுவரை பண்ணையடிமை என்று அழைக்கப்பட்டவர் அடுத்த நாள் கடனாளி என்ற பெயரில் அதே களத்தில் நின்றார்.

1891ல் செங்கல்பட்டு கலெக்டர் டிரெமென்ஹீர் தம் மாவட்டத்துப் பறையர் மக்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதினார். குடியிருக்கும் மனைகூடத் தங்களுடையதாக இல்லாததால் மிராசுதாரின் சொல்லை மீற முடியாத வாழ்க்கை அதில் பதிவானது. 1892ல் வந்த அரசாணை 1010ன் வழியாகப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. அந்த நிலங்கள் எப்படிக் கைமாறின என்பதும், அவற்றைக் கேட்டு 1994ல் நடந்த காரணை போராட்டத்தில் ஜான் தாமஸும் ஏழுமலையும் துப்பாக்கிச் சூட்டில் உயிர் கொடுத்ததும் நாம் மறக்கக் கூடாத வரலாறு.

இதைச் சூளையோடு சேர்த்துப் படியுங்கள். நிலம் இருப்பவர் கார்த்திகை மாதத்தில் வயலில் நிற்பார். நிலம் இல்லாதவர் முன்பணத்துக்குக் கை நீட்டுவார். செங்கல்பட்டு, காஞ்சிபுரம், திருவள்ளூர் பகுதிச் சூளைகளில் தலித் மக்களையும் இருளர் பழங்குடியினரையும் நாம் தொடர்ந்து பார்ப்பது தற்செயல் அல்ல. ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா, களாஹாண்டி மாவட்டங்களிலிருந்து வருகிற குடும்பங்களின் கதையும் இதுவே. அங்கே நுவாகாய் அறுவடைத் திருநாள் முடிந்ததும் தரகர் முன்பணத்தோடு வருவார். கணவன், மனைவி, ஒரு பிள்ளை சேர்ந்தது ஒரு 'பத்துரியா'. முன்பணம் ஆளுக்கு அல்ல, அந்த அலகுக்கு. குழந்தையும் கணக்கில் ஓர் உறுப்பு என்பதை இதைவிட வெளிப்படையாக எப்படிச் சொல்ல முடியும்?

வேலையின் கணக்கையும் பார்ப்போம். வெந்த செங்கல் ஒன்று சுமார் மூன்று கிலோ. பச்சைக்கல் இன்னும் கனம். ஒரு குடும்பம் நாளில் ஆயிரம் கல் அறுத்தால் மூன்று டன்னுக்கு மேல் ஈரமண் அவர்கள் கையில் ஏறி இறங்குகிறது. மிதித்துப் பிசைய, அச்சில் போட, காயத் திருப்பி வைக்க, அடுக்க என்று அதே மண்ணை நாலு முறை குனிந்து நிமிர்ந்து எடுக்க வேண்டும். வெயிலுக்கு முன் முடிக்க விடியும் முன்பே எழ வேண்டும். கோடை மழை பெய்து பச்சைக்கல் கரைந்தால், கரைந்த கல்லுக்குப் பெரும்பாலும் கூலி இல்லை. வானத்தின் நட்டமும் தொழிலாளி தலையில்.

சட்டம் இல்லாமல் இல்லை

வைஸ்ராய் அவையில் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த பாபாசாகேப் அம்பேத்கர் முன்னெடுத்த திருத்தத்தின் மூலம் 1946ல் தொழிற்சாலைகளில் வேலைநேரம் வாரத்துக்கு 48 மணியாகக் குறைந்தது. 1948ன் தொழிற்சாலைச் சட்டம் மின்சக்தியோடு 10 பேர், மின்சக்தி இல்லாமல் 20 பேர் வேலை செய்யும் இடத்தைத் தொழிற்சாலை என்றது. "சூளை திறந்தவெளிதானே, கட்டடம் எங்கே இருக்கிறது?" என்பார்கள். 1961ல் பம்பாய் உப்பளம் ஒன்றைப் பற்றிய அர்தேஷிர் பிவண்டிவாலா வழக்கில் உச்ச நீதிமன்றம் பதில் சொல்லிவிட்டது: திறந்த நிலமும் தொழிற்சாலை வளாகம் ஆகலாம். 2020ல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 10, 20 என்ற வரம்பை 20, 40 என்று உயர்த்தியிருக்கிறது. எண்ணை உயர்த்தினால் யார் வெளியே தள்ளப்படுவார்கள் என்று உங்களுக்கே தெரியும்.

புல் சூளைக்குச் சரியாக நூறு ஆண்டு கழித்து, 1976ல், கொத்தடிமைத் தொழில்முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. 1975 அக்டோபர் 25 முதலே அது செல்லும். இதன் பிரிவுகளை மாணவத் தோழர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பிரிவு 4: கொத்தடிமைகள் அனைவரும் விடுதலை. பிரிவு 6: கொத்தடிமைக் கடன் செல்லாது. பிரிவு 15: அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பு கடன் கொடுத்தவருடையது. பிரிவு 13: மாவட்டத்திலும் கோட்டத்திலும் கண்காணிப்புக் குழு. 1859ல் கடன் வாங்கியவர் குற்றவாளி. 1976ல் கடனால் கட்டியவர் குற்றவாளி.

1982ல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவதே அரசமைப்பின் 23ஆம் பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பு என்றது உச்ச நீதிமன்றம். 1983ல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு இருக்குமிடத்தில் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே கொள்ள வேண்டும் என்றது. தமிழ்நாட்டுக் கொத்தடிமைகள் குறித்து பி.யூ.சி.எல். தொடுத்த வழக்கில் நீதிமன்றம் அமைத்த ஆணையர்கள், 1995ல் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கொத்தடிமைகள் இந்த மாநிலத்தில் இருப்பதாக அறிக்கை தந்தார்கள். 1997ல் கண்காணிக்கும் பொறுப்பு தேசிய மனித உரிமை ஆணையத்துக்குப் போனது.

புகைக்குக் கெடு, ஆளுக்குக் கெடு இல்லை

அதே காலத்தில் சூளையைச் சுற்றுச்சூழல் துறையும் பார்க்கத் தொடங்கியது. 1996ல் புகை அளவுக்கு விதி வந்து, நகர்த்தும் புகைபோக்கிகள் ஒழிக்கப்பட்டன. 1999ல் அனல் மின் நிலையங்களுக்கு அருகில் சாம்பல் கலந்த கல்தான் செய்ய வேண்டும் என்ற அறிவிக்கை வந்தது. 2022 பிப்ரவரியில், புதிய சூளைகள் ஜிக்ஜாக் போன்ற தூய வடிவில்தான் வர வேண்டும், பழையவை ஓராண்டு அல்லது இரண்டாண்டுக்குள் மாற வேண்டும் என்று மத்திய அரசு கெடு விதித்தது.

இவை தேவையான விதிகள்தான். சூளைப் புகையை முதலில் மூச்சில் இழுப்பவர்களும் நம் மக்களே. ஆனால் புகைபோக்கிக்கு உயரம் சொன்ன அரசு, அதன் நிழலில் கிடக்கும் குடிசைக்கு உயரம் சொல்லவில்லை. சூளையை மாற்ற கெடு இருக்கிறது. முன்பண முறையை மாற்ற கெடு எங்கே?

பாதுகாப்பும் திறனும் ஒரே வேலை

"பாதுகாப்பு, கூலி என்றெல்லாம் போனால் தொழில் நடத்த முடியாது" என்று சூளைக்காரர்கள் சொல்வார்கள். தொழில்நுட்பமே அதை மறுக்கிறது. ஜிக்ஜாக் சூளையில் காற்று வளைந்து நெளிந்து நீண்ட வழி போகிறது. கரி நன்றாக எரிகிறது. பழைய சூளையைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு எரிபொருள் மிச்சம். ஆனால் கல்லை அந்த வடிவில் பிசகாமல் அடுக்கினால்தான் இது நடக்கும். கரியை மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாக, இடைவிடாமல் போட வேண்டும். இதைச் செய்யத் தூக்கமும் ஓய்வும் பயிற்சியும் உள்ள ஆள் வேண்டும். பதினான்கு மணி நேரம் நின்றவர் கையில் கரி வீணாகும், கால் தவறினால் உயிரும் போகும். முதலாளியின் லாபம் யாருடைய திறமையில் நிற்கிறதோ, அவரைத்தான் கணக்கு நோட்டு வெறும் கூலியாள் என்று எழுதுகிறது.

மற்றவையும் அப்படியே. மண் பிசையும் இயந்திரம் வந்தால் கால் மிதிப்பது நிற்கும். மண் சீராகக் கலந்து கல்லில் வெடிப்பு குறையும். காய வைக்கக் கொட்டகை போட்டால் மழையில் கல் கரையாது; ஆளுக்கும் நிழல். தலைச்சுமைக்குப் பதில் தள்ளுவண்டி வைத்தால் கழுத்தும் தப்பும், கல்லும் உடையாது. வாராவாரம் தனித்தனிப் பெயரில் வங்கிக் கணக்கில் கூலி போட்டால் பெண்ணின் உழைப்பு முதல் முறையாகக் காகிதத்தில் ஏறும். பிள்ளையின் உழைப்பை ஒளித்து வைக்க இடம் இருக்காது. இதில் எதுவும் புதுக் கண்டுபிடிப்பு அல்ல. கட்டுண்ட குடும்பம் மலிவாகக் கிடைக்கும்வரை இவற்றுக்குச் செலவு செய்ய யாருக்கும் அவசரம் இல்லை, அவ்வளவுதான். ஆகவே முன்பண முறையை உடைப்பது மனிதநேயக் கோரிக்கை மட்டும் அல்ல. இந்தத் தொழிலை நவீனமாக்கும் முதல் படியும் அதுதான்.

நாம் செய்ய வேண்டியது

சூளைக்குப் போகும் தோழர்கள் மீட்புப் படம் எடுப்பதோடு நிறுத்தாதீர்கள். முன்பணம் எந்த மாதம் யார் கையில் கொடுக்கப்பட்டது, எத்தனை பேர் உழைக்கிறார்கள், எத்தனை பெயர் நோட்டில் இருக்கிறது, சந்தைக்கோ சாவுக்கோ வெளியே போக அனுமதி கேட்க வேண்டுமா என்று விவரமாக எழுதுங்கள். வழக்கில் நிற்பது இந்த விவரங்கள்தான். விடுதலைச் சான்றிதழ் கையில் வராமல் யாரையும் ஊருக்கு அனுப்பிவிடாதீர்கள். 2016ன் மறுவாழ்வுத் திட்டம் ஆணுக்கு ஒரு லட்சம், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இரண்டு லட்சம், மிகக் கொடிய சுரண்டலுக்கு உள்ளானவர்களுக்கு மூன்று லட்சம் என்கிறது. முழுத் தொகை வழக்கின் முடிவோடு கட்டப்பட்டிருப்பதால், சான்றிதழோடு வழக்கையும் கடைசிவரை பின்தொடர வேண்டியிருக்கிறது.

கூடவே 'கொத்தடிமை மீட்பு' என்ற ஒரே சொல்லில் நம் கோரிக்கை அடங்கிவிடக் கூடாது. மீட்கப்பட்டவர் நிலமும் வேலையும் இல்லாமல் திரும்பினால், அடுத்த கார்த்திகையில் இன்னொரு சூளையில் இருப்பார். சூளையும் தொழிற்சாலைதான், அங்கே உழைப்பவர் தொழிலாளிதான் என்பதையே நாம் கேட்க வேண்டும். இங்கிலாந்து 1871ல் தன் பிள்ளைகளுக்கு ஒப்புக்கொண்டதை நாம் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.

தொடங்க ஒரு சின்ன வேலை. உங்கள் மாவட்டத்தில் பிரிவு 13ன்படி கண்காணிப்புக் குழு இருக்கிறதா, அது கடைசியாக எந்தத் தேதியில் கூடியது, அதில் உறுப்பினராக உள்ள தலித், பழங்குடிப் பிரதிநிதிகள் யார் யார்? தகவல் உரிமைச் சட்டத்தில் இந்த மூன்று கேள்விகளையும் கேட்டு இந்த வாரமே ஒரு மனு போடுங்கள்.